ஒன்று தசம் பூச்சியம் ஆறு நாலு

என் தொழிலில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. பிறர் எழுதிய கணினி நிரலில், காரணம் சொல்லாமல் சும்மா நிற்கும் எண்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "இந்த முப்பத்தேழு எங்கிருந்து வந்தது? இதற்குத் தாய் தகப்பன் இல்லையா?" என்று எழுதி அனுப்பிவிடுவேன். என்னோடு வேலை செய்கிறவர்கள் கொழும்பிலும் வேறு தேசங்களிலும் இருக்கிறார்கள். நான் மட்டக்களப்புக்குக் கிட்ட ஆரையம்பதியில், வாவிப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், அக்காவின் வீட்டு முன்னறையில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் என்னை "எண் பொலிஸ்" என்று சொல்வதாகக் கேள்வி. எனக்கு அதில் வருத்தமில்லை, வேலைதானே.

அப்படிப்பட்ட நான் எழுதிய நிரல் ஒன்றில் 1.064 என்று ஓர் எண் இன்றைக்கும் நிற்கிறது. பக்கத்தில் விளக்கம் ஒரு வரிகூடக் கிடையாது. அதை நான் எடுக்கப்போவதும் இல்லை. ஏன் என்று சொல்வதானால் அக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மா உயிரோடிருந்தபோதே இந்த வீட்டை அக்காவுக்குச் சீதனமாக எழுதிவிட்டார். ஆகவே அக்காவுக்கு வீடு இருந்தது, கிணறு இருந்தது, முற்றத்தில் தென்னை நின்றது, ஆறு வயதில் ஒரு மகள் இருந்தாள். அத்தான் இப்போது எங்கே என்பது எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. வீட்டை உலையில் போட்டுச் சமைக்க முடியாது என்பதால் அக்கா சாறிக்குப் போடும் சட்டைகள் தைத்தாள். என் சம்பளத்தில் மூவரும் சாப்பிடலாம் என்று நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அக்கா, "ஓம் ஓம், நீயும் ஒருநாளைக்குக் கலியாணம் முடிக்கிறவள்தானே" என்று சொல்லிவிட்டு மெசினை மிதிக்கத் தொடங்குவாள். அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு வாதாட முடியாது.

ஊர்ப் பெண்கள் தங்கள் உடம்பின் அளவை வாயால் சொல்வதில்லை. பழைய சட்டை ஒன்றைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்து, "இதுபோல, கையை மட்டும் கொஞ்சம் இறக்கி" என்பார்கள். அளவுச் சட்டை என்று அதற்குப் பெயர். அக்கா அதைத் துணிமேல் விரித்து, சோக்கால் கோடிழுத்து, வெட்டிவிடுவாள். எண் என்ற ஒன்றே நடுவில் வராது. எனக்கு அது பார்க்கவே பதறும்.

ஆனால் காத்தான்குடிக் கடைகளில் தைத்த சட்டைகளே வந்து தொங்கத் தொடங்கியபின், பையோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். கோயில் திருவிழாவுக்கும் கலியாண மாதத்துக்கும் மட்டும் மெசின் ஓடியது. ஒருநாள் அக்கா மட்டக்களப்பு டவுனுக்குப் போய்த் திரும்பி வந்து, நீல நிறப் பிளாஸ்டிக் பைல் ஒன்றை அலுமாரியில் வைத்தாள். உள்ளே பாஸ்போட். வளைகுடாவில் ஏதோ ஒரு தையல் தொழிற்சாலை, ஏஜென்சிக்காரர் ஒழுங்கு செய்கிறார், விசா வந்ததும் போக வேண்டும் என்றாள். பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டேன். "நீ இருக்காய்தானே" என்றாள். கறிக்கு உப்புப் போட்டாயா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள்.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அக்கா மகளைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, தன் தலையைத் தானே பின்னப் பழக்கினாள். எனக்குப் பின்னத் தெரியாது. என் தலையே அதற்குச் சாட்சி. ஆகவே என்னிடம் விட்டுப்போகும் பிள்ளைக்கு அந்த வேலை தெரிந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் திட்டம். பிள்ளையின் கை பின்னுக்கு எட்டாது. ஒரு பின்னல் காதுக்கு மேலேயும் மற்றது தோளுக்குக் கீழேயுமாக, வாய்க்குள் ரிபனைக் கவ்விக்கொண்டு நிற்கும். அக்கா தொடமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, "இன்னொருக்கா அவிட்டுப் பின்னு" என்பாள். பக்கத்து அறையில் நான் மீட்டிங்கில் இருப்பேன். எனக்கு நெஞ்சு எரியும். அந்த எரிச்சலைக் கொழும்பில் இருக்கிற யாராவது ஒரு பாவிமேல் இறக்குவேன்.

அந்த நேரத்தில்தான் சுவிஸிலிருந்து பெரியம்மா போன் எடுத்தார். அம்மாவின் தமக்கை, எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே மூத்த ஆள். அவருடைய மகளுக்குக் கலியாணம், மட்டக்களப்பில்தான் செய்வது, மண்டபம்கூடப் பார்த்தாயிற்று.

"மகள், கலியாணக் கூறைக்குச் சட்டையை நீதான் தைக்கோணும்" என்றார் அக்காவிடம். "இஞ்ச தைக்கக் குடுத்தா ஆளையும் சேத்து விக்கோணும். நல்லா வந்திச்செண்டா இஞ்ச எங்கட ஆக்கள் முழுப்பேரும் உன்னட்டத்தான் தருவாங்க. வருசம் முழுக்க ஏதாவது ஒரு கொண்டாட்டம் இரிக்கு. பிள்ளைகள் பெரிசானா சாமத்தியம், பிறகு கலியாணம், இல்லாட்டி பேத்டே."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அலுமாரிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "சரி பெரியம்மா, அளவுச் சட்டை ஒண்டு அனுப்பி விடுங்க" என்றாள்.

"அவள் எங்கடி சாறி கட்டினவள்? அவளிட்ட ஏது சட்டை? நான் ரேப்பால அளந்து சென்ரிமீற்றரில அனுப்புறன்."

சென்ரிமீற்றர் என்றதும் அக்கா திகைத்துப்போனாள். அவளுடைய நாடாவில் அங்குலம் மட்டும்தான் இருந்தது. மறுபக்கம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அது பெரிய விசயமில்லை. பார்க்காத உடம்புக்கு, தொடாத தோளுக்கு, வெறும் எண்ணிலிருந்து எப்படி வெட்டுவது என்பதுதான் அவளுடைய பயம். "பிழைச்சுதெண்டா?" என்றாள். பிழைத்தால் என்ன நடக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அது நீல பைலுக்குள் இருந்தது.

"பிழைக்காது" என்றேன் நான். "நான் எழுதித் தாறன்."

எழுதினேன். கம்பனி வேலை முடிந்த பிறகும், முடிவதற்கு முன்பும், சில நேரம் மீட்டிங் நடக்கும்போதே கமராவை மூடிவைத்தும் எழுதினேன். மார்பு, இடுப்பு, தோள், கைக்குழி, கை நீளம் என்று அளவுகளைப் போட்டால், சட்டையின் ஒவ்வொரு துண்டையும் உண்மையான அளவில் கீறி, பல தாள்களாக அச்செடுக்கும் நிரல் அது. தாள்களை ஒட்டி, துணிமேல் வைத்து, சுற்றிவர வெட்டினால் சரி. அக்காவுக்கு அளவுச் சட்டை இல்லாத குறையை ஓர் அளவுத் தாளால் தீர்த்துவிடலாம் என்பது என் எண்ணம்.

இதில் உள்ள ஒரே வில்லங்கம் நீளம். கொம்பியூட்டருக்குச் சென்ரிமீற்றரும் தெரியாது அங்குலமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பிக்சல், அதாவது திரையில் உள்ள புள்ளி. ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று நாம்தான் சொல்ல வேண்டும். இணையப் பக்கங்கள் எழுதுகிறவர்கள் தொண்ணூற்றாறு என்பார்கள். அச்சுத் தொழில் வழியாக வந்தவர்கள் எழுபத்திரண்டு என்பார்கள். இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. நான் ஓரிடத்தில் ஒரு கட்சியையும் இன்னோரிடத்தில் மற்றக் கட்சியையும் நம்பிவிட்டேன்.

முதலாவது சட்டையைப் பழைய பெட்சீற் துணியில், அக்காவின் சொந்த அளவுக்கே வெட்டித் தைத்துப் பார்த்தோம். சட்டைக் கை அக்காவின் முழங்கைக்கு மேலே ஏறவில்லை. எல்லாம் முக்கால்வாசி. அக்கா அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இரிக்கு. மேல்வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பம்" என்றாள். மேல்வீட்டுப் பிள்ளைக்குப் பத்து வயது. சட்டை அளவெடுத்தமாதிரி இருந்தது.

எழுபத்திரண்டைத் தூக்கி எறிந்து எல்லா இடத்திலும் தொண்ணூற்றாறு போட்டேன். இந்தத் தடவை சும்மா நம்பக்கூடாது என்று, ஒவ்வொரு தாளின் மூலையிலும் பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரம் ஒன்றும் வரைய வைத்தேன். அச்சு வந்ததும் அந்தச் சதுரத்தை அளந்தால் உண்மை தெரிந்துவிடும். பத்து என்றால் பத்து. அச்செடுக்கப் பிரதான வீதியிலிருந்த கொமினிகேசனுக்குப் போனேன். போட்டோக்கொப்பி, பிரிண்ட், லெமினேற், போனுக்கு ரீலோட் எல்லாம் செய்கிற கடையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கடைக்கார அண்ணன் ஐம்பது கடந்தவர், பொறுமைசாலி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடுகிறவர்.

வீட்டுக்கு வந்து சதுரத்தை அளந்தேன். ஒன்பது தசம் நாலு.

நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். பிழை இல்லை. இரண்டாம் தரமும் பார்த்தேன். பிறகு விளங்கியது: அண்ணன் தன் பிரிண்டரில், வருகிற எதையும் தாளுக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கிவிடச் சொல்லி வைத்திருக்கிறார். நல்ல மனதோடு செய்ததுதான். பிறப்புச் சான்றிதழின் ஓரம் வெட்டுப்பட்டால் ஊர்ச் சனம் அவரை ஏசும். நூற்றுக்கு ஆறு வீதம் சின்னதாக வந்த பிறப்புச் சான்றிதழை யாரும் ஏசியதில்லை.

இப்போது நான் செய்திருக்க வேண்டியது, கடைக்குப் போய், "அண்ணன், அதை நூறு வீதத்தில விடுங்க" என்று சொல்வது. சொல்லவில்லை. அந்த மனுசன் அம்மாவின் மரண அறிவித்தலுக்கே காசு வாங்கமாட்டேன் என்று நின்றவர். அவர் கடையில் போய் நின்று, உங்கள் பிரிண்டர் பிழை என்று எந்த வாயால் சொல்வது? ஆகவே பத்தை ஒன்பது தசம் நாலால் பிரித்தேன். வந்த 1.064-ஐ எல்லா நீளத்தோடும் பெருக்கும்படி நிரலில் ஒரு வரி போட்டேன். அவர் சுருக்குகிற அளவுக்கு நான் முன்கூட்டியே பெருப்பித்து அனுப்புவேன். அவருக்கும் தெரியவராது, எனக்கும் சரியாக வரும். மறுநாள் ஒரு தாள் எடுத்து அளந்தேன். சதுரம் பத்து. எண் பொலிஸ் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் வீட்டுக்குள் நடப்பதை வெளியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

பெரியம்மாவின் அளவுகள் வந்தன. நிரலில் போட்டேன். அச்செடுக்கிற அன்று எனக்குக் கம்பனியில் தீப்பற்றி எரிந்தது, அதாவது எங்கேயோ ஒரு பட்டன் வேலை செய்யவில்லை. அக்காவே கடைக்குப் போய்த் தாள்களை எடுத்து வந்தாள். ஒட்டினாள். கூறைக்குப் பொருந்தும் குங்கும நிறப் பட்டுத் துணியை விரித்தாள். கத்தரிக்கோலை எடுத்து, நெற்றிக்கு நேரே ஒருதரம் பிடித்துக் கும்பிட்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் "கணக்குப் பிழைக்காது, வெட்டுங்க" என்றுதான் சொன்னேன்.

கலியாணத்துக்கு முதல்நாள் காலையில் பெரியம்மாவும் மகளும் வேனில் வந்து இறங்கினார்கள். கட்டிப்பிடித்து அழுது, தேத்தண்ணி குடித்து, வாவி இறால் வாங்கிவைத்திருக்கிறோமா என்று பெரியம்மா விசாரித்து, எல்லாம் முடிந்த பிறகு மணப்பெண் அறைக்குள் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தச் சட்டைக்குள் அவளோடு இன்னொருத்தியும் தாராளமாக இருக்கலாம். தோள் கையில் இறங்கி நின்றது. கை கையாக இல்லாமல் குழாயாக இருந்தது. பிள்ளை நல்ல பிள்ளை. சுவிஸில் வளர்ந்தாலும் மரியாதை தெரிந்தவள். "ரொம்ப வசதியா இருக்கு அக்கா" என்றாள்.

அக்கா சுவரோடு சாய்ந்தாள். அவள் அழவில்லை. வாய் மட்டும் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. எனக்கு அவளுடைய அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. ஓடிப்போய்த் தாள்களை எடுத்து, சதுரத்தை அளந்தேன். பத்து தசம் ஆறு.

"யாரு பிரிண்டரில கை வெச்சது?" என்று கத்தினேன்.

அக்கா மெதுவாக, "நான் அண்ணனிட்டச் சொன்னன்" என்றாள்.

"என்னத்த?"

"கொஞ்சம் சின்னனா வருது அண்ணன் எண்டு. நீ தாளை அளந்து அளந்து முழிச்சதப் பாத்தன். நீ போய்ச் சொன்னா அந்த மனுசனைக் கிழிச்சித் தோரணம் கட்டிருவாய். உன்ட வாய் எனக்குத் தெரியும்தானே. அதுதான் உனக்குச் சொல்லாம நான் பக்குவமாச் சொன்னன். அவர் பாவம், உடனே சரியாக்கித் தாறன் எண்டார்."

அவர் நூறு வீதமாக்கிவிட்டார். நான் ஏற்கனவே பெருப்பித்து வைத்திருந்தேன். ஒரு நீளத்தை இரண்டு தடவை திருத்தினால் என்ன ஆகும் என்று என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பேன். ஆனாலும் கணக்கு முழுதாகச் சரிவரவில்லை. ஆறு வீதத்துக்கு இவ்வளவு தொங்காது.

"வேற என்ன செய்தீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். "முதல் ரெண்டு தரமும் சின்னனா வந்ததுதானே. இதுவும் அப்படித்தான் இரிக்கும் எண்டு ஒரு பயம். உன்னட்டச் சொன்னா நீ மனம் நொந்து போவாய். அதுதான் சோக்கால கொஞ்சம் தள்ளி, ஒவ்வொரு பக்கமும் ஒரு விரக்கடை விட்டு வெட்டினன்."

"ஐயோ அக்கா!"

அப்போது பெரியம்மா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதும் எனக்கு மிச்சம் விளங்கிவிட்டது.

"நானும் ரெண்டு ரெண்டு கூட்டித்தான் சொன்னனான்" என்றார். "கலியாணம் முடிக்கப்போற பிள்ளைட அளவை உள்ளபடி போனில சொல்லலாமா? கண்ணூறு நாவூறு படாதா?"

"அளவுக்கு எப்படிப் பெரியம்மா நாவூறு படும்!"

"எல்லாத்துக்கும் படும். உனக்கு என்ன தெரியும், நீ கொம்பியூட்டர்."

இதற்குள் வாசலில் சைக்கிள் மணி. கொமினிகேசன் அண்ணன், கலியாண மண்டபத்துக்கு ஒட்டவேண்டிய வரவேற்புத் தாள்களைத் தானே கொண்டுவந்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, சிரித்த முகத்தோடு, "என்ன தங்கச்சி, இப்ப அளவெல்லாம் சரியா வருதா?" என்று கேட்டார்.

"இஞ்ச ஒருத்தராவது வாயத் திறந்து சொல்ல மாட்டீங்களா!" என்று நான் போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழி எல்லாம் கலைந்தது. "ஆளாளுக்குக் கள்ளன்மாதிரி ஒளிச்சி ஒளிச்சி நல்லது செய்யிறீங்க! சொன்னா என்ன, வாய்ல இரிக்கிற முத்து உதிர்ந்திருமா?"

"நீயும்தான் சொல்லல்ல" என்றாள் அக்கா.

அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, யாருக்கு என்ன நடந்தது என்று விளங்காமலே, "மன்னிச்சிக்கங்க" என்றார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தோம்.

பெரிதாக வந்ததுதான் எங்கள் நல்லகாலம். சின்னதாக வந்திருந்தால் வெட்டி எறிந்த துணியை எங்கே போய்த் தேடுவது? அக்கா மணப்பெண்ணை நடு வீட்டில் நிறுத்தி, சட்டையை மறுபக்கம் புரட்டிப் போடச் செய்து, ஊசி குத்திக் குத்தி இறுக்கினாள். பக்கத் தையல்களை அவிழ்த்தாள். சட்டையின் கைகளைக் கழற்றி மறுபடி பூட்டினாள். அவள் கேட்காமலே நான் நூல் கோத்துக் கொடுத்தேன். பொழுது படுவதற்குள் சட்டை முடிந்தது. பிள்ளை போட்டுக்கொண்டு கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தடவை வசதியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "அக்கா!" என்று மட்டும் சொன்னாள். பெரியம்மா உடனே அவளுக்கு நாவூறு கழிக்க மிளகாய் தேடினார்.

கலியாணம் நல்லபடி நடந்தது. சட்டை எல்லாப் போட்டோவிலும் இருந்தது. லண்டனில் இருந்தும் நோர்வேயில் இருந்தும், யார் தைத்தது என்று கேட்டு மெசேஜ் வந்ததாகப் பெரியம்மா மண்டபத்திலேயே சொன்னார். அக்கா சோற்றுப் பந்தியில் இருந்து எழும்பாமல் சிரித்தாள். அவள் பல்லைக் காட்டிச் சிரித்து நெடுநாள். நான் இரண்டாம் தரமும் பாயாசம் வாங்கிக் குடித்தேன்.

இதற்கிடையில் கொமினிகேசன் அண்ணன் என்னை வழியில் மறித்து, "தங்கச்சி, நான் பிரிண்டரைத் திருப்பிப் பழையபடி ஆக்கிட்டன். ஓரம் வெட்டுப்படுது எண்டு ஆக்கள் ஏசுறாங்க. உங்களுக்குச் சொல்லிப்போட்டுச் செய்வம் எண்டுதான்" என்றார். சொன்னாரே, அதுவே பெரிய விசயம். ஆகவே 1.064 மறுபடியும் உத்தியோகத்துக்கு வந்தது. என் நிரல் உலகத்திலேயே ஒரு கடையில் மட்டும்தான் சரியாக வேலை செய்யும் நிலையில் இருந்தது.

சுவிஸுக்குப் போவதற்கு முன் பெரியம்மா விடைபெற வந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் காத்திருந்தது இந்த நேரத்துக்குத்தான். யார் யாருக்கு என்ன தைக்க வேண்டும் என்று இப்போது சொல்வார்.

"மகள், நான் நல்லா யோசிச்சிப் பாத்தன்" என்றார் என் பக்கம் திரும்பி. "உன்ட அந்தக் கொம்பியூட்டர் வேலையை எனக்கு அனுப்பி விடு. அங்க எங்கட ஆக்களுக்குள்ள தையல் தெரிஞ்ச ஒருத்தி இரிக்கா. பிரிண்டர் எல்லார் வீட்டிலயும் இரிக்கு. நாங்களே தாளை எடுத்து வெட்டிக்குவம். பாவம், இவளை ஏன் இனியும் கஷ்டப்படுத்தோணும்? அண்டைக்கு இவள் பட்ட பாட்டை நான் என்ட கண்ணால பாத்தன்தானே."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அதில் உள்ள கொடுமை. அக்கா போகாமல் இருக்கவேண்டும் என்று நான் எழுதிய நிரல், அக்கா இல்லாமலே சட்டை வெட்டும் நிரலாக அவருடைய வாயால் மாறி நின்றது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, "ஓம் பெரியம்மா, அவள் அனுப்பி விடுவாள்" என்றாள். கேட்டு வந்த ஆளுக்கு இல்லை என்று சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. வேன் போனபிறகு அவள் மெசினைத் துடைத்து, துணியால் மூடிவிட்டு, அலுமாரியைத் திறந்தாள். ஏஜென்சிக்காரர் மறுபடி எடுத்திருக்கிறார், விசா வந்துவிடும் போல என்றாள்.

"நான் அனுப்ப மாட்டன்" என்றேன்.

"அனுப்பு. அம்மாட ரத்தம். நாளைக்கு உனக்கு ஒண்டெண்டா அவதான் வரோணும்."

அழுகை வந்தது. எனக்கு அழுகை கோபமாகத்தான் வரும். கதவை அடித்துச் சாத்திவிட்டு முன்னறைக்குள் போய் இருந்தேன். சரி, அனுப்புவோம். நிரலை எல்லோரும் பாவிக்கும்படி ஓர் இணையப் பக்கமாக்கினேன். அளவைப் போடும் பெட்டிகள், அச்செடுக்கும் பட்டன், எல்லாம் ஒழுங்காக. கடைசியாகப் பிழை பார்ப்பதற்கு மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தேன். அந்த வரி வந்தது. எல்லா நீளத்தையும் 1.064 ஆல் பெருக்கு. விளக்கம் இல்லை. தாய் தகப்பன் இல்லை.

ஆரையம்பதிப் பிரதான வீதியில் ஓர் அண்ணனின் கடைக்கு வெளியே அந்த எண்ணுக்கு ஒரு வேலையும் கிடையாது. பெரியம்மா வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. ஒரு காகிதத்தின் ஓரத்தைக் காப்பாற்ற அது சுருக்கிப் பொய் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை. மூலையில் இருக்கும் சதுரத்தை அளந்தால் பிடிபட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் சதுரத்தை அளந்து பார்க்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பது ஏற்கனவே நிரூபணமாகியிருந்தது. வேறு யாருடைய நிரலாகவும் இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் எழுதி மானத்தை வாங்கியிருப்பேன். விரலை அழிக்கும் பட்டனில் வைத்தேன். பக்கத்து அறையில் அக்கா மகளிடம், "பள்ளிக்கூடத்தில உடுப்பு நனைஞ்சா சின்னம்மாட்டச் சொல்லோணும், என்ன?" என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

விரலை எடுத்துவிட்டு இணைப்பை அனுப்பினேன்.

மாரி தொடங்கி வாவி நிறம் மாறியபிறகு பெரியம்மாவின் குரல் மெசேஜ் வந்தது. அக்கா அடுப்படியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் போனை அவளுக்குப் பக்கத்தில் பிடித்துக் கேட்க வைத்தேன்.

"மகள், இது என்ன சீத்துவக்கேடு? இஞ்ச வெட்டுறது எல்லாம் பெரிசாத்தான் வருது. தையல்காரி எனக்கு ஏசிப்போட்டுப் போயிட்டாள். என்ட மானம் போகுது. அதில ஏதும் செய்ய ஏலுமா? இல்லாட்டி ஒண்டு செய்வம். நான் அளவுகளை அனுப்புறன். அக்காவே தைச்சி அனுப்பட்டும். சாமத்தியச் சட்டையும் இரிக்கு, அதுக்குப் பிறகு ஒரு கலியாணமும் இரிக்கு. அவளுக்கு ஏலுமா எண்டு கேட்டுச் சொல்லு. இந்தமுறை நான் உள்ளபடி அளவு சொல்லுறன், நாவூறு பட்டாப் படட்டும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். செதில் ஒட்டிய கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன் அங்க பெரிசா வருது?"

"எனக்கென்ன தெரியும். அங்க குளிர்."

"குளிருக்குத் தாள் விரியுமா?"

"அந்த ஊர்த் தாள் விரியும் போல."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மீனைப் பார்த்தேன். நல்ல வாவி மீன்.

"நீ ஆருக்கும் சொல்லாம ஏதும் செய்தியா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மீனை வெட்டுங்க அக்கா. பூனை பாத்துக்கொண்டு இரிக்கு."

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து, மெசினை மூடியிருந்த துணியை எடுத்து உதறினாள். ஏஜென்சிக்காரர் பின்னேரம் எடுத்தபோது முற்றத்தில் நின்று பேசினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மகள் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு, வழமைபோல ரிபனை வாய்க்குள் கவ்விக்கொண்டு, சீப்பைத் தானே எடுத்துக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். இப்போது அவள் ஓரளவுக்கு நன்றாகவே பின்னப் பழகியிருந்தாள். அக்கா அவளுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"விடு. இஞ்ச தா" என்று சீப்பைப் பறித்தாள்.